மாதச் சம்பளமில்லா வேலையும் மனத்தின் ஐயமும்



ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் நின்று பேசும் பெற்றோர் சிலர் அண்மைக் காலமாக ஒரே குறையை வெவ்வேறு சொற்களில் கூறக் கேட்கிறோம். "பையன் படித்து முடித்துவிட்டான். வீட்டிலிருந்தபடியே கணினியில் யாருக்கோ ஏதோ செய்து கொடுக்கிறானாம். எவ்வளவு வரும், எப்பொழுது வரும் என்று கேட்டால் தெளிவான பதில் இல்லை. அவனுக்கு ஒரு நல்ல வேலை கிடைக்க வேண்டுமென்று செபியுங்கள்." மகனுக்கு வேலை கிடைத்தாயிற்று, சம்பள நாள் மட்டுமே கிடைக்கவில்லை என்பதை அந்தத் தாய் தந்தையர்க்கு விளக்குவது எளிதன்று.

பெற்றோரின் கவலையைப் பற்றிப் பின்னர்ப் பேசுவோம். அவர்கள் உறங்கியபின் அந்த மகனோ மகளோ விழித்திருந்து தமக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்விகளே இம்மாதம் நம் கவனத்திற்குரியவை. நான் இதற்குத் தகுதியானவன்தானா? என்னிலும் நன்றாகச் செய்வோர் ஆயிரம் பேர் இருக்க, எனக்கு ஏன் ஒருவர் பணம் தரவேண்டும்? கேட்ட தொகை அதிகமோ? அவர் பதில் எழுதாதது என் வேலை பிடிக்காததனால்தானோ? மொழிபெயர்ப்பவர், நிழற்படம் எடுப்பவர், புத்தகத்திற்குப் பிழை திருத்துபவர், கட்டட வரைபடம் வரைந்து கொடுப்பவர், சிறுகடைகளுக்குக் கணக்கு எழுதுபவர், வீட்டில் தையற்பொறி போட்டுத் திருமண உடைகள் தைக்கும் பெண் ஆகிய அனைவரும் தொடக்க நாள்களில் இக்கேள்விகளை அறிவர். அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவனுக்கும் இந்த ஐயம் வரும். ஆயினும் அவனை ஒரு முறை நேர்முகத்தேர்வில் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். தனித்து வேலை செய்பவனோ ஒவ்வொரு வேலைக்கும் புதிதாகத் தேர்வு பெற்றாக வேண்டும். அவனது ஐயம் மற்றவரினும் கூர்மையாக இருப்பதன் காரணம் இதுவே.

இவ்வகை வேலையை இளைஞர்கள் 'ஃபிரீலான்ஸ்' என்று அழைக்கிறார்கள். அச்சொல்லுக்கு நேர்ப்பொருள் கட்டற்ற ஈட்டி என்பது. எந்த மன்னனுக்கும் நிலையான ஊழியனாகாமல், கூலி தருவோர்க்காகத் தன் ஈட்டியுடன் போருக்குப் போகும் வீரனைக் குறித்த சொல் அது. வால்டர் ஸ்காட் எழுதிய 'ஐவன்ஹோ' நாவலின் வழியாக மக்களிடையே பரவியது. நம் பிள்ளைகள் கையில் இருப்பது ஈட்டியன்று, மடிக்கணினியும் ஊசியும் புகைப்படக் கருவியுமே. ஆனாலும், மன்னனின் சோற்றை நம்பாமல் தன் கைத்திறனை நம்பிப் புறப்படுதல் என்னும் பொருள் மாறவில்லை.

மாதச் சம்பளம் என்பது நம் நாஞ்சில் நாட்டுக்குப் பழைய வழக்கமன்று என்பதை நாம் மறந்துவிட்டோம். வடசேரியில் கோயில் நகை செய்யும் கைவினைஞர்களை எண்ணிப் பாருங்கள். 'நாகர்கோவில் கோயில் நகை' என்ற பெயருடன் புவிசார் குறியீடு பெற்றிருக்கும் அத்தொழில், வீட்டிலும் சிறு பட்டறையிலும் அமர்ந்து, வந்த ஆர்டருக்கேற்பச் செய்து கொடுக்கும் தொழிலாகவே வளர்ந்தது. தச்சர், கொத்தனார், பனையேறுவோர், நாவிதர், வண்டியோட்டி என்று நம் ஊர்களில் பெரும்பாலோர் செய்த வேலைக்குக் கூலி வாங்கியவர்களே. பள்ளிகள் பெருகின, எழுத்தறிவு வளர்ந்தது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காட்டுடன் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்திலேயே முதலிடம் பெற்றது. பெருமைக்குரிய செய்திதான். ஆனால் அக்கல்வியோடு கூடவே, படித்தவனுக்கு அழகு உத்தியோகம் என்ற எண்ணமும் நம் வீடுகளுக்குள் நுழைந்து நாற்காலி போட்டு அமர்ந்துகொண்டது. ஆசிரியர் பணி, அரசுப் பணி, அது இல்லையேல் வளைகுடா நாட்டு வேலை என்பதற்கு அப்பால் உள்ளதெல்லாம் 'சும்மா இருத்தல்' என்ற கணக்கில் சேர்ந்தன. தாத்தா வாழ்நாள் முழுவதும் செய்ததைப் பேரன் செய்யத் தொடங்கும்போது அவனுக்கு வெட்கம் ஏற்படுவதென்றால், அவ்வெட்கம் தொழிலிலிருந்து வந்ததன்று.

கடற்கரைப் பங்குகளைச் சேர்ந்தவர்களுக்கு இதை இன்னும் எளிதாகச் சொல்லலாம். கடலுக்குப் போகிறவர்க்கு மாதச் சம்பளம் கிடையாது. பிடித்த மீனை விற்றுச் செலவு கழித்து, எஞ்சியதைப் படகுக்கும் உழைத்தவர்க்கும் பங்கு பிரிக்கிறார்கள். மீன்பாடு இல்லாத நாளில் பங்கும் இல்லை. வலை வெறுமையாகத் திரும்பிய அன்று அவர் வருந்துவார், கடனை எண்ணிக் கலங்குவார். ஆயினும், 'நான் உண்மையில் மீனவன்தானா?' என்று கேட்டுக்கொண்டு கரையில் அமர்ந்துவிடுவதில்லை. காற்று மாறியது, நீரோட்டம் சரியில்லை, மீன் வேறு மடைக்குப் போய்விட்டது என்று காரணத்தைக் கடலில் தேடுகிறார்; மறுநாளைக்கு இடத்தை மாற்றுகிறார். தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர்கள், கரை கண்ணுக்குத் தெரியாத தொலைவில் பல நாள்கள் தங்கிச் சுறா பிடிப்பதில் பெயர் பெற்றவர்கள். அவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது எந்தக் கல்லூரி? மூத்தோர் செய்வதைக் கண்டார்கள், சிறு வயதில் உடன் போனார்கள், பின்பு தாமே போனார்கள்.

இதே வழியைத்தான் உளவியல் அறிஞர்கள் வேறு மொழியில் சொல்கிறார்கள். ஆல்பர்ட் பாண்டுரா என்பவர் 1977இல் வெளியிட்ட ஒரு புகழ்பெற்ற கட்டுரையில், 'இதை என்னால் செய்ய முடியும்' என்ற நம்பிக்கை ஒருவனுக்கு எங்கிருந்து பிறக்கிறது என்பதை ஆராய்ந்தார். தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் காணுதல், பிறர் தரும் ஊக்கச் சொற்கள், உடலிலும் மனத்திலும் எழும் பதற்றத்தை ஒருவன் எவ்வாறு பொருள் கொள்கிறான் என்பது ஆகிய நான்கையும் ஊற்றுகளாகக் காட்டி, அவற்றுள் முதலாவதே மிகவும் வலியது என்றார். நம் வீடுகளில் நாம் பெரிதும் நம்பியிருப்பது மூன்றாவதை. "உன்னால் முடியும், உன்னால் முடியும்" என்று நூறு முறை சொல்கிறோம். தவறில்லை, ஆனால் சிறிய வேலை ஒன்றை முழுமையாகச் செய்து கொடுத்து, அதற்கு நூறு ரூபாயேனும் கையில் வாங்கிய பின் பிறக்கும் நம்பிக்கைக்கு அது ஈடாகாது. ஆகவே முதலில் நம்பிக்கை வரட்டும், பிறகு தொடங்கலாம் என்று காத்திருப்பவன், வண்டிக்குப் பின்னால் மாட்டைக் கட்டிக் காத்திருக்கிறான்.

நம் மாவட்டத்து வரலாற்றிலேயே இதற்கு ஒரு பெரும் சான்று உண்டு. இலண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார், தம் கணவருடன் 1819இல் நாகர்கோவிலுக்கு வந்து பெண்பிள்ளைகளுக்கென்று பள்ளி நடத்தினார். சில ஆண்டுகளுக்குள் அங்குள்ள சிறுமியர்க்கு ஐரோப்பிய முறையில் லேஸ் பின்னக் கற்பித்தார். அந்நாளில் திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்படவில்லை, 1855இல்தான் ஒழிந்தது. கற்ற சிறுமியருள் அடிமைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். தம் பின்னல் வேலையால் ஈட்டிய காசைச் சேர்த்து, விலை கொடுத்து விடுதலை பெற்ற பெண்கள் இருந்தார்கள் என்பது எழுதப்பட்ட வரலாறு. அவர்களிடம் யாரும் முன்கூட்டி, 'நீ தகுதியானவள்' என்று சொல்லவில்லை. சமுதாயம் முழுவதும் நேர் எதிரானதையே நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தது. தோளின்மீது சீலை அணியும் உரிமைக்கே போராட வேண்டியிருந்த காலம் அது. அந்தப் பெண்கள் தங்கள் மதிப்பை யாருடைய வாயிலிருந்தும் கேட்டு அறியவில்லை. ஊசிமுனையில் ஒவ்வொரு கண்ணியாகப் பின்னி அறிந்தார்கள். பிற்காலத்தில், 1897இல் பெல்ஜியத்திலிருந்து முளகுமூட்டுக்கு வந்த அன்னை மரி லூயி தெ மேஸ்டர் தொடங்கிய பணியிலும் ஆதரவற்ற சிறுமியர்க்குத் தையலும் பின்னலும் இடம் பெற்றன. கன்னியர் மடங்களிலிருந்து வீடுகளுக்குப் பரவிய அக்கைவேலையால் நம் மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்கள் பசியாறின. வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, செய்த துண்டுக்குக் கூலி வாங்கிய அப்பெண்களை 'ஃபிரீலான்சர்' என்று யாரும் அழைத்ததில்லை. ஒன்றையும் மறைக்காமல் சொல்வதானால், அவர்களுள் பலருக்கு இடைத்தரகர் தந்த கூலி மிகக் குறைவு. அதைப் பற்றிக் கீழே பார்ப்போம்.

மற்றொரு வகை ஐயமும் உண்டு. அது திறமையற்றவனை விடத் திறமையுள்ளவனையே அதிகம் பிடிக்கும். அமெரிக்காவில் பாலின் கிளான்ஸ், சூசான் ஐம்ஸ் என்ற இரு பெண் உளவியலாளர்கள், பட்டங்களும் பாராட்டுகளும் பெற்ற நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்களிடம் தாங்கள் கண்டதை 1978இல் எழுதினார்கள். அப்பெண்களில் பலர், தங்கள் வெற்றியெல்லாம் ஏதோ அதிர்ஷ்டத்தாலோ பிறரின் தவறான கணிப்பாலோ கிடைத்தது என்றும், என்றேனும் ஒரு நாள் தங்கள் வேடம் கலைந்துவிடும் என்றும் அஞ்சிக்கொண்டிருந்தார்கள். இந்நிலைக்கு அவ்விருவரும் 'ஏமாற்றுக்காரர் உணர்வு' என்று பொருள்படும் ஒரு பெயரை இட்டார்கள். நன்றாகச் செய்யச் செய்ய இந்த அச்சம் குறையும் என்று நாம் நினைப்போம். இவர்களுக்கோ ஒவ்வொரு வெற்றியும், 'இன்னும் ஒரு முறை தப்பித்துவிட்டேன்' என்று மட்டுமே தோன்றிற்று. தனித்து வேலை செய்யும் இளைஞரிடம் இது எளிதில் வேரூன்றுகிறது. உடன் அமர்ந்து வேலை செய்பவர் எவரும் இல்லாததால், மற்றவரும் தடுமாறுகிறார்கள் என்பதை அவர் காண்பதில்லை. பிறருடைய முடிந்த வேலையைத் தம்முடைய முடியாத வேலையோடு ஒப்பிட்டுக்கொண்டேயிருக்கிறார். இதற்கு மருந்து பெரிதாக ஒன்றுமில்லை. அதே தொழிலில் இருக்கும் இரண்டு மூன்று பேருடன் மாதம் ஒரு முறை பேசினாலே போதும். அவர்களும் நேற்று மூன்று முறை அழித்து எழுதினார்கள் என்று தெரிந்தால் பாதிச் சுமை இறங்கும்.

ஐயம் கொள்வதற்கு எல்லாக் காரணங்களும் இருந்தும் எழுதிய ஒருவர் நம் கடற்கரையிலேயே பிறந்தார். தேங்காப்பட்டணத்தில் 1944இல் பிறந்த தோப்பில் முஹம்மது மீரானைத்தான் சொல்கிறோம். அவர் பள்ளிக் கல்வி பெற்றது மலையாளத்தில். தமிழ் அவருக்கு வீட்டிலும் தெருவிலும் பேசும் மொழி. ஏட்டுத் தமிழில் அவருக்குப் பழக்கம் குறைவு. தொழிலோ மிளகாய் வத்தல் வாணிகம். இலக்கிய வட்டங்களிலிருந்து வந்தவருமல்லர். அவர் எழுத விரும்பியது, தம் ஊர் முஸ்லிம் மக்கள் பேசும், மலையாளமும் அரபும் கலந்த ஒரு தமிழில். 'இதை யார் படிப்பார்கள்? எழுத்துப்பிழையைக் கண்டு சிரிக்க மாட்டார்களா?' என்று ஒருவர் அவரிடம் கேட்டிருந்தால், அக்கேள்வியை அநியாயம் என்று சொல்லியிருக்க முடியாது. 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' என்ற அந்த நாவலை 1988இல் அவர் சொந்தமாகவே நூலாக்கி வெளியிட்டார். அப்போது அவர் வயது நாற்பதைக் கடந்திருந்தது.

எதைக் குறையென்று எண்ணியிருக்கலாமோ அதுவே அந்நூலின் பலமாயிற்று. அந்த ஊரின் பேச்சை அந்த ஊர்க்காரன் காதால் கேட்டு எழுதியது தமிழுக்குப் புதிது. தொடர்ந்து 'துறைமுகம்', 'கூனன் தோப்பு' ஆகிய நாவல்கள் வந்தன. 'சாய்வு நாற்காலி' நாவலுக்காக 1997இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 2019இல் திருநெல்வேலியில் அவர் மறைந்தார். இளைஞர்கள் இவ்வரலாற்றில் விருதை மட்டும் பார்ப்பதை விட, மிளகாய் வாணிகத்தைப் பார்ப்பது பயன் தரும். எழுத்து சோறு போடும் என்று நம்பி அவர் கடையை மூடவில்லை. வாணிகம் வயிற்றைக் கவனித்துக்கொண்டது. ஆகவே எழுத்து யாருக்கும் அஞ்ச வேண்டியிருக்கவில்லை. பதிப்பாளர் என்ன சொல்வார், இதழாசிரியர் என்ன விரும்புவார் என்று வளைந்து கொடுக்க வேண்டிய நெருக்கடி இல்லாதவனின் தெளிவு அவருடைய நாவல்களில் தெரிகிறது. வேலையை விட்டுவிட்டுத்தான் தனித்தொழிலில் இறங்க வேண்டும் என்று வீரம் பேசுவோர்க்கு இது நல்ல பதில்.

ஆயினும் கடையை மூடிவிட்டு இறங்கியவர்களும் உண்டு. இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் அவர்களை இன்றைய தலைமுறை அவ்வளவாக அறியாது. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன், 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர். அத்தந்தையும் உப்பு, சுங்கத் துறை உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் 'பஞ்சாமிர்தம்' என்னும் இதழைத் தொடங்கியவர்தாம். மகனுக்குப் பதின்மூன்று வயதானபோது இறந்துபோனார். கிருஷ்ணன் தாவரவியலும் சட்டமும் படித்தார். 1942 முதல் சண்டூர் என்னும் சிறு சமஸ்தானத்தில் ஆசிரியர், நீதிபதி, விளம்பர அலுவலர், மன்னரின் செயலர் என்று பல பணிகள் பார்த்தார். 1949இல் அச்சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. சென்னைக்குத் திரும்பிய கிருஷ்ணன் அதன்பின் எவரிடமும் ஊழியத்திற்குச் சேரவில்லை. எழுத்து, ஓவியம், காட்டுயிர் நிழற்படம் ஆகியவற்றின் வருவாயிலேயே வாழ்ந்தார். குடும்பஸ்தர், வயது முப்பத்தெட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. காட்டு விலங்குகளைப் பற்றி எழுதிப் பிழைப்பதா என்று உற்றார் உறவினர் கேட்கக்கூடிய காலம் அது.

1950இல் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இரு வாரங்களுக்கு ஒரு முறை வரும் பத்தி ஒன்றைத் தொடங்கினார். 1996 பிப்ரவரியில் இறக்கும்வரை அதை எழுதினார், நாற்பத்தாறு ஆண்டுகள். அவர் வைத்திருந்த புகைப்படக் கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். விலையுயர்ந்த கருவிகள் வாங்க வழியில்லாமலோ, அவற்றில் விருப்பமில்லாமலோ, ஒன்றன் உடலையும் மற்றொன்றின் வில்லையையும் தாமே இணைத்து ஒரு கருவியைச் செய்துகொண்டார். அதற்கு வேடிக்கையாக ஒரு பெயரும் வைத்திருந்தார். கறுப்பு வெள்ளையிலேயே படம் எடுத்தார். நல்ல கருவி வாங்கிய பின்புதான் தொழில் தொடங்குவேன் என்று கூறும் தம்பிமார் இதைக் கேட்க வேண்டும். கருவி போதாது, இன்னும் ஒரு படிப்பு படிக்க வேண்டும், இன்னும் ஒரு சான்றிதழ் வேண்டும் என்பவை பெரும்பாலும் ஐயம் உடுத்திக்கொள்ளும் நல்ல உடைகளே.

பெரும்பாலும் என்று கூறினோம். எப்பொழுதும் என்று கூறவில்லை. சில ஐயங்கள் உண்மை பேசுபவை. தையல் கற்று ஆறு வாரமே ஆன பெண்ணுக்குத் திருமணப் பட்டு ரவிக்கையை வெட்டக் கத்தரிக்கோல் எடுக்கும்போது கை நடுங்கினால், அந்நடுக்கத்தை மதிக்க வேண்டும். 'தன்னம்பிக்கை கொள்' என்று அவளைத் தள்ளிவிடுவது, பிறருடைய பட்டுத்துணியை வைத்துப் பரிசோதனை செய்வதாகும். இங்கு நாம் பயன்படுத்தத்தக்க சோதனை எளியது. ஐயம் வேலையைப் பற்றியதா, தன்னைப் பற்றியதா? 'இந்தக் கழுத்து வெட்டு எனக்குச் சரியாக வரவில்லை' என்பது வேலையைப் பற்றியது. பழைய துணியில் பத்து முறை வெட்டிப் பழகினால் அது தீரும். 'நான் எதற்கும் உதவாதவள்' என்பது தன்னைப் பற்றியது. எத்தனை துணி வெட்டினாலும் அது தீராது, ஏனெனில் அதற்குத் துணியோடு தொடர்பே இல்லை. முதல் வகை ஐயம் நல்ல ஆசிரியன். அதை விரட்டக் கூடாது. இரண்டாம் வகை வரும்போது அதை முதல் வகைக் கேள்வியாக மாற்றிக் கேட்க வேண்டும்: எதில், எந்த இடத்தில், எவ்வளவு குறை? பதில் கிடைத்தால் பழகிக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் அது வெறும் இருட்டு.

இனிப் பணத்தைப் பற்றிப் பேசுவோம். நம் பத்திரிகைகளில் இதைப் பேசக் கூச்சப்படுகிறோம். தன்னையே சந்தேகிக்கும் மனம் முதலில் வெளிப்படுவதோ விலை சொல்லும் இடத்தில்தான். 'உங்களுக்குத் தோன்றியதைக் கொடுங்கள்' என்பது பணிவு போலத் தெரியும். உண்மையில் அது, என் வேலையின் மதிப்பை என்னால் சொல்ல முடியவில்லை, நீங்களே சொல்லுங்கள் என்ற வேண்டுதல். எதிரில் இருப்பவருக்குத் தோன்றுவது பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும். லேஸ் பின்னிய பெண்களின் கூலி ஏன் தாழ்ந்தே கிடந்தது? அவர்கள் கைத்திறன் குறைந்ததாலன்று. சந்தையில் அத்துண்டு என்ன விலைக்குப் போகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர் இடையில் நின்றார். ஆகவே விலை சொல்வதற்கு வேண்டியது துணிச்சலை விடத் தகவல். அதே வேலைக்கு நாகர்கோவிலில் என்ன வாங்குகிறார்கள், திருவனந்தபுரத்தில் என்ன, சென்னையில் என்ன என்று நாலு பேரிடம் விசாரித்து, இந்த வேலைக்கு எனக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று கணக்கிட்டு, மின்சாரம், நூல், பயணம் ஆகிய செலவுகளையும் சேர்த்து ஒரு தாளில் எழுதிவிட்டால், தொகையைச் சொல்லும்போது குரல் நடுங்குவதில்லை. தாளைப் பார்த்துப் படிப்பதுதானே!

முன்பணம் கேட்பதற்குக் கூச்சம் வேண்டியதில்லை. அச்சாரம் வாங்காமல் எந்தத் தச்சன் மரத்தில் உளி வைத்தான்? என்ன வேலை, எத்தனை முறை திருத்திக் கொடுப்பது, எந்தத் தேதிக்குள் பணம் என்பவற்றை நான்கு வரியில் எழுதி இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். தொலைபேசிச் செய்தியாக இருந்தாலும் போதும். உறவினர்க்குச் செய்து கொடுக்கும் வேலைக்கு இது இன்னும் அதிகமாகத் தேவை. 'மாமாவிடம் போய்க் கணக்குப் பேசுவதா?' என்று எண்ணி அரைப் பணத்திற்கு வேலை செய்து, பின் ஆண்டு முழுவதும் மனக்கசப்போடு மாமாவைப் பார்ப்பதை விட, முதலிலேயே அன்போடு தொகையைச் சொல்லிவிடுவது உறவுக்கும் நல்லது.

பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டின் மையச் சட்டம், பொருள் செய்வோர்க்கு மட்டுமின்றிச் சேவை புரிவோர்க்கும் உரியது. 'உத்யம்' என்ற அரசுப் பதிவை ஆதார் எண்ணைக் கொண்டு கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். இதற்குப் பணம் கேட்கும் தரகரை நாட வேண்டாம். அவ்வாறு பதிந்த குறுந்தொழிலாளர் ஒருவரிடம் வேலை வாங்கிய நிறுவனம், அதை ஏற்றுக்கொண்டபின், எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் குறித்த நாளுக்குள், எவ்வாறாயினும் 45 நாள்களுக்கு மேற்படாமல் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையேல் 15 நாள்களுக்குள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தின் மும்மடங்கு வட்டி, அதுவும் கூட்டு வட்டி, கொடுக்கக் கடமைப்பட்டது. எவர்மீதும் வழக்குத் தொடுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. பணம் கேட்டு எழுதும் ஒருவன் பிச்சை கேட்கவில்லை, சட்டம் தனக்குத் தந்ததைக் கேட்கிறான் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தால், கடிதத்தின் முதல் வரியில் 'தொந்தரவுக்கு மன்னிக்கவும்' என்று எழுத மாட்டான்.

வருவாய் ஒழுங்காக வராது என்பதை மறைப்பதில் பயனில்லை. இரண்டு மாதம் நிறைய வரும், மூன்றாம் மாதம் ஒன்றும் வராது. கடலில் தடைக்காலத்துக்கென்று எடுத்துவைக்கும் குடும்பம் தடைக்காலத்தில் கலங்குவதில்லை. ஐந்தாறு மாதச் செலவுக்குரிய தொகை தனியாக ஒரு கணக்கில் இருப்பது, ஐயத்தைப் போக்க எந்த அறிவுரையை விடவும் ஆற்றல் வாய்ந்தது. வயிறு நிறைந்திருக்கும்போது நல்ல யோசனையாகத் தோன்றும் ஒன்று, வாடகை நாள் நெருங்கும்போது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும், மாறியது யோசனையன்று.

இப்போது பெற்றோரிடம். உங்கள் கவலை நியாயமானது. மகன் திருமணப் பேச்சில் 'மாப்பிள்ளை என்ன செய்கிறார்?' என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் வேண்டுமே என்ற உங்கள் சங்கடமும் புரிகிறது. ஆனால் அவனுடைய ஐயத்திற்கு நீங்கள் நாள்தோறும் தீனி போடுகிறீர்களா என்பதைப் பாருங்கள். 'இன்றைக்கு ஏதாவது வந்ததா?' என்று ஒவ்வொரு மாலையும் கேட்பது, விதைத்த பயறு முளைத்ததா என்று ஒவ்வொரு நாளும் மண்ணைக் கிளறிப் பார்ப்பது போன்றது. அதற்குப் பதிலாக அவனோடு அமர்ந்து ஒரு கால எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். ஓராண்டு, அல்லது பதினெட்டு மாதம். அந்நாள் வரும்வரை வேறு வேலை பற்றிய பேச்சு இல்லை. அந்நாளில் கணக்கை எடுத்து வைத்து இருவரும் பேசுவது. அதற்கிடையில் மாதம் ஒரு முறை, என்ன வேலை செய்தான், யாருக்கு, எவ்வளவு என்று அவன் ஒரு நோட்டில் எழுதிக் காட்டட்டும். நோட்டு அவனுக்கும் தேவை. கெட்ட நாளில் மனம் நல்லதையெல்லாம் மறந்துவிடும், தாளோ மறக்காது.

மகளாக இருந்தால் நிலைமை இன்னும் கடினம். வீட்டில் இருக்கும் பெண் வேலையில் இருக்கிறாள் என்பதை வீடு ஒப்புக்கொள்வதே இல்லை. அடுப்பைப் பார்த்துக்கொள், குழந்தையைக் கொஞ்சம் பிடி, விருந்தாளிக்குக் காப்பி போடு என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை குரல் வரும். அவள் மொழிபெயர்க்கும் வரி பாதியில் நிற்கும், கெடு தவறும், கெடு தவறியதற்குத் தன் திறமைக் குறைவே காரணம் என்று அவள் நம்பத் தொடங்குவாள். பல பெண்களின் ஐயத்தை ஆராய்ந்து பார்த்தால் அதன் அடியில் இருப்பது ஒரு மேசை இல்லாமைதான். அவளுக்கென்று சாளரத்தோரம் ஒரு மேசை போட்டுக் கொடுங்கள். காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டுவரை அவளை யாரும் அழைப்பதில்லை என்று வீட்டில் அனைவரும், மாமியாரும் உட்பட, ஒப்புக்கொள்ளுங்கள். காப்பியை அன்று அப்பா போடட்டும்.